கைபேசிப் பெட்டியின் மேல் கிராஃபிக்ஸையும் எழுதச் சொல்லுங்கள்

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். திருகோணமலையில் கைபேசி பழுதுபார்ப்பவன் நான். விலை கூடிய புதுக் கைபேசியைக் கொண்டுவந்து, "விளையாடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இழுக்கிறது, என்ன பழுதென்று பாருங்கள் அண்ணா" என்பவர்கள் கூடிவிட்டார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் பழுது எதுவும் இருப்பதில்லை. செய்த விதமே அப்படி.

2025இல் ஆப்பிள் வெளியிட்ட ஐபோன் ஏர், ஐபோன் 17 ப்ரோ இரண்டிலும் சிப்பின் பெயர் ஏ19 ப்ரோ. ஆனால் விளையாட்டின் படங்களைத் திரையில் வரையும் சிப்பின் உட்பகுதிகளான கிராஃபிக்ஸ் கோர்கள் 17 ப்ரோவில் 6, ஏரில் 5. சாம்சங் கலக்சி எஸ்24 அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் சிப்புடனும் ஐரோப்பாவில் எக்ஸினோஸ் 2400 சிப்புடனும் விற்கப்பட்டது. எங்கள் ஊர்க் கடைக்கு எந்த நாட்டுப் பெட்டி வந்து சேரும் என்பது கொண்டுவருபவரின் கையில் இருக்கிறது.

செலவைக் குறைப்பது குற்றமல்ல. கிராஃபிக்ஸ் பகுதி சிப்பில் நிறைய இடம் பிடிக்கும். சிப் பெரிதானால், சிப்களை வெட்டியெடுக்கும் ஒரு சிலிக்கன் தட்டில் கிடைக்கும் எண்ணிக்கை குறையும், விலை ஏறும். ஒரு கோர் பழுதான சிப்பை எறியாமல், அந்தக் கோரை மட்டும் முடக்கி விற்பதும் இத்துறையின் பழைய வழக்கம்தான். அதை மறைத்து உச்ச விலை கேட்பதுதான் எரிச்சலூட்டுகிறது. இணையத்தில் தேடினால் விவரம் அகப்படும், உண்மை. மகனுக்காகக் கடையில் காசை எண்ணிக் கொடுக்கும் தகப்பனுக்கு அது எப்படித் தெரியும்? கமெராவின் மெகாபிக்சலைத்தானே கடைக்காரர் சொல்கிறார்.

எங்களுக்கு வெயில் வேறு. சூழல் வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் வரை இருக்கும் இடத்தில் ஐபோனைப் பயன்படுத்துமாறு ஆப்பிளே சொல்கிறது. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் இங்கே நண்பகல் அதைத் தாண்டுவது புதினமல்ல. சூடேறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளம்பரத்தில் காட்டும் வேகம் முதல் சில நிமிடங்களோடு சரி.

லேபிள் பற்றிப் பணிப்புரை விடுக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. சிப்பின் முழுப்பெயர், கிராஃபிக்ஸ் கோர்களின் எண்ணிக்கை, அரை மணி நேரம் தொடர்ந்து விளையாடிய பின் எஞ்சும் வேகம் ஆகியவற்றை இறக்குமதியாளர்கள் மும்மொழியிலும் பெட்டியில் ஒட்ட வேண்டும் எனப் பணியுங்கள். கடைசியானதை அளப்பது கடினம் என்று நிறுவனங்கள் முறையிட்டால், முதல் இரண்டையாவது உடனே தொடங்கலாம். அவை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் விவரங்கள்தான்.

இப்படிக்கு,
கைபேசி பழுதுபார்ப்பவர் ஒருவர்,
திருகோணமலை