தீர்ப்பு வரும்வரை மோரைப் பேசவிடாதீர்கள்

மன்னரைத் திருச்சபைத் தலைவராக ஏற்க மறுத்துத் தலையை இழந்த இங்கிலாந்தின் முன்னாள் சான்சலர் (நாட்டின் உயர் நீதிப் பதவி) தாமஸ் மோரின் கதையைத் தமிழில் மேடையேற்றும் நாடகக் குழுவினருக்கு,

வணக்கம். 1960இல் லண்டனில் அரங்கேறிய ராபர்ட் போல்ட்டின் ‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ நாடகத்தைத் தழுவுகிறீர்களோ, வரலாற்றிலிருந்து புதிதாகப் பிரதி எழுதுகிறீர்களோ, எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மன்னர் எட்டாம் ஹென்றியை எதிர்த்து மோர் முழங்கும் வசனத்தை விசாரணைக் காட்சியின் தொடக்கத்துக்குக் கொண்டுவராதீர்கள். கைதட்டல் விழும். ஆனால் கதை அங்கேயே படுத்துவிடும்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1534ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மன்னரின் புதிய மணத்தின் வாரிசுகளை ஏற்பதாகச் சத்தியம் செய்ய மறுத்தால் சிறையும் சொத்துப் பறிமுதலும்தான், தலை போகாது. தலையை வாங்குவது 1535 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்த ராஜத்துரோகச் சட்டம். திருச்சபைத் தலைவர் என்ற பட்டத்தை மன்னருக்கு இல்லையென்று ‘தீய எண்ணத்துடன்’ சொன்னால் மரணம். சொல்லவே இல்லையென்றால்? மோர் தேர்ந்த வழக்கறிஞர். மகளிடம்கூடக் காரணத்தைச் சொல்லாமல் அந்த இடுக்கில் ஒதுங்கி நின்றார். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது அங்கே சட்ட வாசகம். தமிழ்ப் பார்வையாளருக்கு உரையே வேண்டாம். பிரதியில் ‘தீய எண்ணத்துடன்’ என்ற சொல்லை மட்டும் நீளம் கருதி வெட்டிவிடாதீர்கள். மோரின் வாதம் அதன்மேல்தான் நிற்கிறது.

வாய் திறக்காத மனிதரைக் கொல்ல வேண்டியிருந்ததால்தான் மோர் சிறையில் தன்னிடம் அந்தப் பட்டத்தை மறுத்தார் என்ற அரசு வழக்கறிஞர் ரிச்சர்ட் ரிச்சின் சாட்சியம் தேவைப்பட்டது. மோரே முதலில் முழங்கிவிட்டால் ரிச்சுக்கு மேடையில் வேலை ஏது? சிறை அறையிலிருந்து புத்தகங்களை எடுத்துச்செல்லும் காட்சியை வைப்பதானால் ரிச்சுடன் வந்த சவுத்வெல், பாமர் இருவரையும் பேச்சு எட்டும் தொலைவிலேயே, முதுகைக் காட்டியபடி நிறுத்துங்கள். பாமர் மூட்டை கட்டட்டும். பேச்சைக் கவனிக்கவில்லை என்றுதான் இருவரும் பின்னர் சொன்னார்கள். ரிச்சுக்காகப் பொய் சொல்லவும் இல்லை, உண்மைக்குத் துணை நிற்கவும் இல்லை. நாடகத்தின் ஆக அசிங்கமான இடம் எங்கள் பார்வையில் அதுதான்.

1535 ஜூலை 1: நடுவர்கள் (ஜூரி) கால் மணி நேரத்தில் குற்றவாளி என்றார்கள். தண்டனையை வாசிக்கத் தொடங்கும்போது மோர் இடைமறித்து, கைதிக்குப் பேச வாய்ப்பளிப்பதே மரபு என்று நினைவூட்டுகிறார். முழக்கம் அதற்குப் பிறகுதான். அதுவரை நடிகர் குரலை அடக்கியே வைத்திருக்க வேண்டும். ஒத்திகையில் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும்.

ரிச்சை வில்லச் சிரிப்போடு உள்ளே அனுப்பாதீர்கள். போல்ட்டின் முதல் காட்சியில் அவன் வேலை தேடும் இளைஞன். மோர் அவனிடம் தள்ளிவிடும் லஞ்சக் கோப்பை பிறகு மன்னரின் செயலர் குரோம்வெல்லின் கையில் ஆயுதமாகத் திரும்பி வருவதால், இரண்டு இடத்திலும் அதே கோப்பைதான் என்று கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். சாட்சிக்குக் கூலியாக விசாரணையில் அவன் அணியும் வேல்ஸ் தலைமை அரசு வழக்கறிஞர் பதவிச் சங்கிலி நல்ல நாடக உத்தி. ஆனால் அந்தப் பதவி அவனுக்கு 1532இலேயே கிடைத்துவிட்டது. துண்டறிக்கையில் அதை வரலாறாக அச்சிட வேண்டாம். மோர் சான்சலராக இருந்த காலத்தில் சமய மறுப்புக்காக ஆறு பேர் எரிக்கப்பட்டதை அதே துண்டறிக்கையில் மறைக்கவும் வேண்டாம்.

பணியாள், படகோட்டி, சிறைக்காவலர், நடுவர் தலைவர், தலை வெட்டுபவர் என்று போல்ட்டின் நாடகத்தில் வேடம் மாற்றும் ‘சாமானியன்’ என்ற பாத்திரத்தை ஐந்து நடிகர்களுக்குப் பங்கிடுவது இன்னொரு வழக்கமான தவறு. ஒரே ஆள், ஒரே உடைக்கூடை, பார்வையாளர் கண்ணெதிரே உடைமாற்றம். கூலிக்குத் தொப்பி மாற்றும் அந்த முகம் ஒன்றாக இருந்தால்தான் ஊழலுக்கு யார் யார் தோள் கொடுத்தார்கள் என்பது புரியும். ரிச் பின்னாளில் தானே சான்சலராகி, 1567இல் படுக்கையில் இயல்பாக இறந்துபோனதையும் அந்தச் சாமானியனே சொல்லட்டும், கூடைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல்.

அன்புடன்,
நாடகப் பிரதிகளோடு உழல்வோர் சிலர்