கடைசி வரியைப் படியுங்கள், சித்தப்பா

ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்களுக்கும் சித்திக்கும் உடம்பு தேவலையா? "அமெரிக்காவில் எந்தச் சேனல் எந்தக் கட்சிக்குச் சொந்தம்?" என்று போனில் கேட்டீர்கள். எதுவுமே எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை. ஜெயா டிவி, கலைஞர் டிவி என்று பெயரைப் பார்த்ததுமே கட்சி தெரிந்துவிடுகிற வசதி இங்கே கிடையாது. நீங்கள் அக்டோபரில் வந்து இறங்கும்போது நவம்பர் 3 தேர்தலுக்கான கூச்சல் உச்சத்தில் இருக்கும். நாடாளுமன்றக் கீழவைக்கும் தேர்தல், மாநில ஆளுநருக்கும் தேர்தல் (இங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்). அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் மாநிலம் எந்தப் பக்கமும் சாயும். 2016ல் குடியரசுக் கட்சியின் டிரம்ப் இங்கே ஜெயித்தது சுமார் 44,000 ஓட்டில். 2020ல் ஜனநாயகக் கட்சியின் பைடன் ஜெயித்தது சுமார் 80,000 ஓட்டில். ஜனாதிபதித் தேர்தலில் இந்த மாநிலத்துக்கு 19 எலக்டோரல் ஓட்டுகள் (ஜனாதிபதி யார் என்பதை முடிவு செய்யும், மாநிலவாரியான ஓட்டுகள்) இருப்பதால் இரண்டு கட்சிகளும் பணத்தை இங்கேதான் கொண்டுவந்து கொட்டுகின்றன. முடிவு முன்பே தெரிந்த மாநிலங்களில் இத்தனை விளம்பரம் பார்க்க மாட்டீர்கள்.

நம்மூரில் டிவியில் அரசியல் விளம்பரம் போடுமுன் தேர்தல் ஆணையத்தின் குழுவிடம் சான்று வாங்க வேண்டும். ஓட்டுப் பதிவுக்கு 48 மணி நேரம் முன்பு பிரசாரம் ஓய்ந்துவிடும். இங்கே இரண்டும் இல்லை. ஓட்டுப் போடும் அன்றைக்கும் விளம்பரம் ஓடும். இன்னும் விசேஷம், 1934ஆம் வருஷத்துத் தகவல் தொடர்புச் சட்டப்படி, வேட்பாளரே கொடுக்கும் விளம்பரத்தில் ஒளிபரப்பு நிலையம் ஒரு சொல்லைக்கூட வெட்டக்கூடாது. பொய் என்று தெரிந்தாலும் அப்படியே போட்டாக வேண்டும். அவதூறு வழக்கு வந்தால் நிலையத்தின் மேல் குற்றமில்லை என்று 1959லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாளில் வேட்பாளருக்கு இருப்பதிலேயே குறைந்த விளம்பரக் கட்டணத்தைத்தான் போட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

ஆக, என்ன பேசினாலும் சட்டம் தடுக்காது, பேசுவது யார் காசில் என்பதைச் சொல்ல வைக்கும். விளம்பரத்தின் வாலில் வரும் வரியை விடாமல் பாருங்கள். மத்தியத் தேர்தல் வேட்பாளர் தன் குரலிலேயே "இந்தச் செய்தியை நான் அங்கீகரிக்கிறேன்" என்று சொன்னால் அது அவருடைய விளம்பரம். 2002ல் வந்த விதி. "எந்த வேட்பாளரின் அனுமதியும் பெறாதது" என்று பொடி எழுத்தில் வந்தால் அது வேட்பாளரைச் சேராமல் தனியாகச் செலவு செய்யும் வெளிக் குழு. 2010ல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளால் முளைத்த 'சூப்பர் பேக்' வகைதான் அதில் பெரும்பாலும். தனி மனிதர் ஒரு வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்க உச்சவரம்பு உண்டு, சூப்பர் பேக்குக்குக் கொடுக்க வரம்பே இல்லை. அந்த வெட்டு ஒட்டு விளம்பரங்கள், கருப்பு வெள்ளையில் எதிராளியின் கோணல் முகம், அடியில் உறுமும் இசை எல்லாம் பெரும்பாலும் இவர்கள் கைவரிசை.

வேட்பாளரும் சூப்பர் பேக்கும் கலந்து பேசித் திட்டம் போடக்கூடாது என்பது விதி. அதனால் ஊரறியப் பேசிக்கொள்கிறார்கள். வேட்பாளரின் இணையதளத்தில் ஒரு மூலையில் சிவப்புக் கோடு போட்ட கட்டம் இருக்கும். "இந்த வயதுப் பெண்கள் இந்த விஷயத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும்" என்கிற மாதிரி அதில் எழுதியிருக்கும். யாருக்கு எழுதியது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். 2014ல் செனட்டர் மெக்கானல் தரப்பு, அவர் மனைவியோடு சிரிப்பதும் மேசையில் கையெழுத்துப் போடுவதுமாக, பேச்சே இல்லாத படத்துண்டுகளை யூடியூபில் போட்டு வைத்தது. சூப்பர் பேக்குகள் தங்கள் விளம்பரத்தில் எடுத்து ஒட்டிக்கொள்ளத்தான். கூட்டணிக் கட்சிகள் அறிக்கை விட்டுத் தொகுதிப் பேச்சு நடத்துவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாததல்ல.

காசு போன வழியை யாரும் பார்க்கலாம். எந்த நிலையத்தில், எந்த நிகழ்ச்சி நடுவே, என்ன விலைக்கு, யார் விளம்பர நேரம் வாங்கினார்கள் என்பதை ஒவ்வொரு நிலையமும் எஃப்.சி.சி. என்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் ஏற்றியாக வேண்டும். ஆனால் அந்த வழி முட்டுச்சந்தில் நிற்பது எங்கே என்றால், சூப்பர் பேக்குக்குப் பணம் தந்தவர் பட்டியலில் மனிதர் பெயருக்குப் பதில் ஒரு லாப நோக்கற்ற அமைப்பின் பெயர் இருக்கும். அந்த அமைப்பு தனக்குக் கொடுத்தவர்களை வெளியே சொல்ல வேண்டியதில்லை.

செய்தி சேனலுக்கு வருகிறேன். சர்ச்சைக்குரிய விஷயத்தில் எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும் என்ற நடுநிலை விதியை ஜனாதிபதி ரீகன் காலத்தில் எடுத்ததால்தான் எல்லாம் கெட்டது என்று உங்கள் வாட்ஸ்ஆப்பில் வந்த பதிவு பாதிதான் சரி. 1949லிருந்து 1987 வரை அந்த விதி இருந்தது, ஆனால் உரிமம் வாங்கி ஆன்டெனாவில் ஒளிபரப்பும் வானொலிக்கும் டிவிக்கும்தான். எடுத்ததும் அரசியல் வானொலி கொழுத்தது உண்மை. கேபிள் சேனலான ஃபாக்ஸ் நியூஸை (1996) அந்த விதி இருந்திருந்தாலும் தொட்டிருக்காது.

ஃபாக்ஸ் குடியரசுக் கட்சிப் பக்கம், எம்.எஸ்.என்.பி.சி. (இப்போது எம்.எஸ். நவ்) ஜனநாயகக் கட்சிப் பக்கம். ஆனால் கட்சிதான் சேனலை ஆட்டுகிறது என்று நினைக்காதீர்கள், ஆட்டுவது பார்வையாளர். 2020 தேர்தல் இரவில் அரிசோனாவில் பைடன் ஜெயித்தார் என்று ஃபாக்ஸ் மற்றவர்களுக்கு முன்பே அறிவித்தது. சரியான கணிப்பு, பத்தாயிரத்துச் சொச்சம் ஓட்டில் அவர்தான் ஜெயித்தார். ஆனால் பார்வையாளர்கள் கொதித்துப்போய் நியூஸ்மேக்ஸ் என்ற போட்டிச் சேனல் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். ஓட்டு இயந்திரத்தில் மோசடி செய்து டிரம்பைத் தோற்கடித்தார்கள் என்ற கதையைத் தாங்களே நம்பாத தொகுப்பாளர்கள் ஆள் போய்விடுமே என்று உள்ளுக்குள் பதறியதும், அந்தக் கதை திரையில் ஓடிக்கொண்டே இருந்ததும் பின்னால் அந்த இயந்திரங்களைச் செய்யும் டொமினியன் நிறுவனம் போட்ட வழக்கில் குறுஞ்செய்தி குறுஞ்செய்தியாக வெளிவந்தன. 2023 ஏப்ரலில், விசாரணை தொடங்க வேண்டிய அன்றே, 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமாதானமாகப் போனது.

மறுபக்கமும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அப்போது ஃபாக்ஸில் தொகுப்பாளராக இருந்த டக்கர் கார்ல்சன் மேல் ஒரு வழக்கு, எம்.எஸ்.என்.பி.சி. தொகுப்பாளர் ரேச்சல் மேடோ மேல் இன்னொரு வழக்கு. இரண்டிலும் சேனல் தரப்பு வாதம் ஏறக்குறைய ஒன்றே: இது மிகைப்படுத்திப் பேசும் கருத்து நிகழ்ச்சி, விவரமுள்ளவர் இதை அப்படியே செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டார். இரண்டு வழக்கும் தள்ளுபடி. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வருவது இந்த ரகம்.

உள்ளூர்ச் செய்தி என்றால் நம்பலாம் என்பார்கள். இந்த ஊர் சி.பி.எஸ். 21 நிலையம் சின்க்ளேர் என்ற குழுமத்துடையது. 2018ல் அந்தக் குழுமம் நாடெங்கும் உள்ள தன் செய்தி வாசிப்பாளர்களை ஒரே வாசகத்தைப் படிக்க வைத்தது. அந்தத் துண்டுகளை யாரோ ஒன்றாக அடுக்கி இணையத்தில் போட்டார்கள், ஸ்கூல் பிரார்த்தனை மாதிரி இருந்தது. வானிலையும் சாலை விபத்தும் பார்க்க நல்ல நிலையம்தான்.

தபால்பெட்டியும் நிறையும். இங்கே ஓட்டுரிமை பதியும்போதே கட்சியையும் எழுதலாம். எந்தக் கட்சியும் எழுதாதவர் மே மாத உட்கட்சித் தேர்தலில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முடியாது. பெயர், முகவரி, பிறந்த தேதி, கட்சி, எந்தெந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார் என்பதெல்லாம் அடங்கிய மாநிலப் பட்டியல் முழுதையும் 20 டாலருக்கு வாங்கலாம். யாருக்குப் போட்டார் என்பது மட்டும் இருக்காது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு வரி பற்றியும் அடுத்த வீட்டுக்குக் கருக்கலைப்பு பற்றியும் அட்டை வருவது இதனால்தான்.

நீங்கள் இருவரும் கவனிக்க வேண்டியவை சில. தீபாவளி விழாவில் மேசை போட்டு வாக்காளர் பதிவுப் படிவம் நீட்டுவார்கள். குடியுரிமை இல்லாதவர் அதில் கையெழுத்துப் போடவே கூடாது, பின்னால் விசாவுக்கே ஆபத்து. நன்கொடை ஒரு டாலர்கூட வேண்டாம், வெளிநாட்டவர் கொடுப்பது குற்றம். வேட்பாளரின் அதிகாரபூர்வக் கடையில் தொப்பி வாங்கினாலும் அது நன்கொடைக் கணக்கு. தம்பி மகனுக்கு டிரம்ப் தொப்பி வேண்டுமென்றால் சாதாரணக் கடையில் வாங்குவோம்.

இங்கே வாங்கும் சிம் எண் முன்பு வேறு யாருடையதாகவாவது இருந்திருக்கும், அவர் பெயரைச் சொல்லி "இன்றிரவுக்குள் 25 டாலர், ஐந்து மடங்காக்குகிறோம்" என்று செய்தி வரும். இணைப்பைத் திறக்காதீர்கள். 'ஸ்டாப்' என்று பதில் போட்டால் அந்த எண் நிற்கும், அடுத்த எண்ணிலிருந்து தொடரும். எனவே தொல்லைச் செய்திகளைப் புகார் செய்யும் எண்ணான 7726க்கு முன்னனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள்.

பயணச்சீட்டு எடுத்ததும் தேதியைச் சொல்லுங்கள். சித்திக்கு என் அன்பு.

உங்கள்
செல்வி