சோழிப் பையை எடுத்து வா

புதுச்சேரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடலூருக்குக் கடிதமா என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேசி முடிக்க விடுவதில்லையே! உன் மகள் வளைகாப்பில், பந்தியில் நீ சொன்னதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து வந்தவன் நான். அப்புறம் போன செவ்வாய் வரை ஐந்து மாதமாகப் பேச்சே இல்லை. பேத்தி பிறந்ததைக் கணக்கு வாத்தியார் சொல்லித் தெரிந்துகொண்டபோது மனசு உறுத்தியது. தப்பு என்னுடையதுதான். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

போன செவ்வாய் விடியற்காலை நாலு மணிக்கு நீயே கூப்பிட்டாய். "காத்து ஒரு மாதிரி இருக்கு, மேகம் எங்க நிக்குதுன்னு படத்தைப் பாத்துச் சொல்லுடா." பார்த்துச் சொன்னேன். மச்சான் படகை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று வைத்துவிட்டாய். எனக்குத்தான் அதன்பிறகு தூக்கம் வரவில்லை. வளைகாப்பு அன்று நீ சொன்னது, "நிலாவுக்கு ராக்கெட் விடுற காசுல கெடிலம் ஆத்துக்குக் கரை கட்டியிருக்கலாம்." சேகர், நாலு மணிக்கு நீ கேட்ட அந்தப் படம் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் இன்சாட் செயற்கைக்கோள் அனுப்பியது. அந்த வரிசையில் 3டிஎஸ் 2024 பிப்ரவரியில்தான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனது.

சுனாமி வந்த 2004-ஐ நினைத்துப் பார். ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கம் நிலம் ஆடியபோது நம் ஊரில் காலை ஆறரை மணி. தேவனாம்பட்டினத்துக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓடுங்கள் என்று சொல்ல ஆள் இல்லை, அப்படிச் சொல்வதற்கு இந்தியப் பெருங்கடலில் ஓர் ஏற்பாடே இல்லை. 2007-இல்தான் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. கடலடியில் இருக்கும் கருவி மேலே மிதவைக்குச் சொல்லும், மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும், அங்கிருந்து மையத்துக்கு வரும். நடுவில் வானத்தை எடுத்துவிட்டால் மிதவை ஊமை. அன்றைக்கு நீயும் நானும் யார் யாரைத் தூக்கி வந்தோம் என்று இங்கே எழுத மாட்டேன். உனக்கே தெரியும்.

சரி, காசு. சந்திரயான்-3க்கு ஆனது சுமார் 615 கோடி. 140 கோடிப் பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு நாலரை ரூபாய்கூட வராது. 2024-25 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு 13,000 கோடி சொச்சம், அதாவது நூறு ரூபாயில் முப்பது காசுக்கும் கீழே. 2015-இல் உன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதை நான் மறக்கவில்லை. கரையைக் கேட்பது உன் உரிமை. மனு எழுது, நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் அந்தக் கரைக்கான காசை முப்பது காசில் தேடாதே, மிச்சம் தொண்ணூற்றொன்பது ரூபாய் எழுபது காசில் தேடு. பணக்காரர்கள் பத்து நிமிஷம் மேலே போய் மிதந்துவிட்டு வருவதற்கு என்றால் பொதுக் காசில் ஒரு பைசாவும் கூடாது. அதில் நீயும் நானும் ஒரே கட்சி.

இதெல்லாம் பலன் பார்க்கும் கணக்கு. அன்று பந்தியில் எனக்கு வலித்தது வேறு. "வானத்தைப் பாக்குறது வயிறு நிறைஞ்சவன் வேலை, நமக்கு எதுக்கு" என்றாயே, அதுதான்.

லெ ஜாந்தீல் என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கிரகம் கடந்துபோவதைப் பல ஊர்களிலிருந்து அளந்தால், சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுவிடலாம். அதற்காகப் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில். 1761 ஜூன் 6 அன்று கப்பலில் ஆடிக்கொண்டே வெள்ளியைப் பார்த்தார், அளக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பாமல் எட்டு வருஷம் இந்தப் பக்கமே சுற்றினார். 1768-இல் இங்கே வந்து, இடிந்து கிடந்த கோட்டைக்குள் ஒரு வானாய்வு நிலையம் கட்டிக்கொண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் வந்து மூடியது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. பிரான்சுக்குப் போனால் அங்கே செத்துப்போனவர் கணக்கில் வைத்து, சொத்தைப் பங்கு போடத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் மற்ற இடங்களில் பார்த்தவர்களின் அளவை வைத்துத் தூரம் கிடைத்துவிட்டது, ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர்.

அவர் இங்கே காத்திருந்த காலத்தில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்குப் படித்தார். எழுத்து கிடையாது. தரையில் சோழிகளை வைத்து நகர்த்திக்கொண்டே, பாடம் பண்ணிய வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று அந்தத் தமிழர் போட்ட கணக்கில் பிசகு 41 விநாடி. ஐரோப்பாவில் அப்போது பேர்பெற்ற, மாயர் என்ற வானியலாளரின் நிலா அட்டவணைப்படி போட்டால் பிசகு 68 விநாடி! ஆங்கிலேயர்கள் ஊரையே தரைமட்டமாக்கிவிட்டுப் போயிருந்தார்கள் சேகர். அந்த இடிபாட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நம் ஆள் சந்திரனைக் கணக்கிட்டிருக்கிறார். அவருக்கு வயிறு நிறைந்திருந்ததா என்று யார் கண்டது? இதை உன் பேத்தியிடம் "நமக்கு எதுக்கு" என்று எப்படிச் சொல்வாய்?

அந்தக் கோட்டை நின்ற இடம் நம் பாரதி பூங்காப் பக்கம்தான். அடுத்த ஞாயிறு காலை பஸ் பிடித்து வந்துவிடு, மதியச் சாப்பாடு இங்கே. உன் அம்மா பல்லாங்குழிக்கு வைத்திருந்த சோழி, அந்தச் சீட்டித் துணிப் பை, 2015 தண்ணீரில் போகாமல் பரண்மேல் தப்பியது என்று சொன்னாயே. அதை மறக்காமல் எடுத்து வா.

உன்,
குமார்