தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம்

ஆசிரியருக்கு,

கான் திரைப்பட விழா பற்றிய உங்கள் படப்பக்கம் முழுக்கச் சிவப்புக் கம்பளமும் உடைகளும்தான். எதிரே தடுப்புக் கம்பியில் மடக்கு ஏணியைப் பூட்டி இடம்பிடித்துக் காத்திருக்கும் ரசிகர்கள் ஒரு படத்தில்கூட இல்லை. 1950-களில் புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் ஹாலிவுட்டில் எடுத்த ஒரு புகைப்படத்தில் நடிகையின் முகம் மங்கல். பின்னால் நிற்கும் ரசிகர்களின் முகங்களே தெளிவு. அந்தக் காலத்தை நமக்குக் காட்டுபவை அந்த முகங்கள்தான்.

சென்னையில் ஓர் இசை வெளியீட்டு விழா வாசலில் நானும் கேமராவோடு நின்றிருக்கிறேன். நாயகனின் கார் உள்ளே போன பிறகும், நெரிசலில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்த பெரியவர் ஒருவர், தோளில் பேரனோடு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எடுத்ததில் நான் இன்னும் வைத்திருப்பது அந்த ஒரு படத்தைத்தான். அடுத்த விழாவில் உங்கள் புகைப்படக்காரர் ஒருவரையாவது கூட்டத்தின் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லுங்கள்.

– வாசகர், தாம்பரம்