2024–25 ஆண்டறிக்கை: செயலாளரிடமிருந்து

நம் மன்செஸ்டர் தமிழ்ச் சங்கத்தின் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2025 மார்ச் 31 அன்று முடிந்த ஆண்டுக்கான அறிக்கை இது. வழக்கமான விஷயங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழாவுக்கு மண்டபம் நிறைந்தது. சர்க்கரைப் பொங்கல் கடைசிப் பந்திக்கு எட்டவில்லை, அதற்கு மன்னிப்பு. விளையாட்டுப் போட்டி மழையால் ஒரு கிழமை தள்ளிப்போனது. சனிக்கிழமைப் பள்ளிக்கு இன்னும் ஒரு ரீச்சர் தேவை, பாதிப் பேர் "பார்ப்போம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கைப் பொருளாளர் தருவார். அறக்கட்டளை ஆணையத்துக்கு அனுப்பப் பத்து மாத அவகாசம் இருக்கிறது என்று அவர் சொன்னால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள்.

சரி, இந்த ஆண்டு புதிதாகச் செய்த ஒரு காரியத்துக்கு வருகிறேன். நம் மண்டபப் பொறுப்பாளர், சமையலறைக் குழு, நடன, சங்கீத ஆசிரியர்கள், பள்ளி ரீச்சர்மார் எல்லோருமாகக் காபன் லிற்றரசி (Carbon Literacy) பயிற்சி எடுத்தோம், அதாவது நம் அன்றாட வேலைகள் காலநிலையை எப்படிப் பாதிக்கின்றன, அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்ற பாடம். இது நம் ஊரில் பிறந்த பயிற்சிதான். மன்செஸ்டரில் வாழும், வேலை செய்யும், படிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் காலநிலைக் கல்வி கிடைக்க வேண்டும் என்று 2009இல் நகரத் திட்டத்தில் எழுதினார்கள், அதிலிருந்து 2012இல் இந்தப் பயிற்சி வந்தது. ஒரு நாள் பாடம், முடிவில் ஒரு படிவம். தனியாகச் செய்யப்போகும் ஒரு காரியம், மற்றவர்களையும் சேர்த்துச் செய்யப்போகும் ஒரு காரியம் என்று இரண்டை அதில் எழுதினால்தான் சான்றிதழ். கேட்டுவிட்டு எழும்பிப் போக முடியாது என்பதுதான் எனக்குப் பிடித்தது.

முழு நாளை நாம் இரண்டு சனிக்கிழமை மாலையாகப் பிரித்தோம். அது என் பிழை. இரண்டாவது மாலை ஒரு கல்யாணத்தோடு முட்டியதால் பாதிக் கதிரைகள் வெறுமையாக இருந்தன. அடுத்த முறை ஒரே நாளில் முடிப்போம்.

தொடக்கத்திலேயே ஒரு சண்டை. பயிற்றுநர் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் ஒரு தாள் அடித்துக் கொடுத்திருந்தேன், அதில் காபனீரொட்சைட்டு என்று இருந்தது. இலங்கையில் படித்தவர்களுக்கு அதுதான் பெயர். தமிழ்நாட்டில் படித்தவர்கள் கார்பன் டை ஆக்சைடு என்றால்தான் புரியும் என்றார்கள். பத்து நிமிடம் அதிலேயே போனது. பயிற்றுநர் பாவம், காலநிலையை மறுக்கும் கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்திருப்பார்.

துருவப் பனி உருகும் படங்களுக்கு யாரும் பெரிதாக அசையவில்லை. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி பதிவானதைச் சொன்னபோது கொஞ்சம் நிமிர்ந்தார்கள், இந்த நாட்டில் அதுவரை காணாத வெயில் அது. அப்புறம் தூத்துக்குடிப் பக்கத்து அங்கத்தவர் ஒருவர் எழும்பி, 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்ரிமீற்றருக்கு மேல் மழை கொட்டியதையும், இரண்டு நாள் தன் அக்காவுக்குப் போன் கிடைக்காமல் இங்கிருந்து தவித்ததையும் சொன்னார். மண்டபம் அமைதியாகிவிட்டது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் உவராவதை ஒரு ஐயா சொல்லிவிட்டு, மோட்டர் போட்டு அளவில்லாமல் இறைத்ததும் நாங்கள்தான் என்று அவரே சேர்த்துக்கொண்டார். பயிற்றுநரின் படங்களைவிட இந்த இருபது நிமிடம்தான் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

நம்மோடு சேர்ந்து படிக்கப் பக்கத்து நீச்சல்குளத்து ஊழியர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களுடையதும் நம்மைப்போல ஒரு அறக்கட்டளைதான், பில் மட்டும் பல மடங்கு. குளத்துச் சூட்டில் பெரும் பங்கு நீர் ஆவியாவதில்தான் போகிறதாம், அதனால் இரவில் குளத்தை மூடி வைப்பதே பெரிய சேமிப்பு என்றார்கள். டெவனில் எக்ஸ்மவுத் என்ற ஊரின் குளத்தில் 2023இல் சலவை இயந்திரம் அளவுள்ள ஒரு கணினிப் பெட்டியை வைத்து, எண்ணெயில் மூழ்கிய கணினிகள் விடும் சூட்டைக் குளத்து நீருக்குக் கொடுக்கிறார்களாம். நமக்குக் குளம் இல்லையே என்று ஒருவர் சொல்ல, உங்களிடம் மண்டபத்தைச் சூடாக்கும் போய்லர் இருக்கிறதே, அது எரியும் நேரத்தை வைக்கும் ரைமரை யார் பார்க்கிறார் என்று அந்த ஊழியர்களில் ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டாள்.

யாரும் பார்ப்பதில்லை. அடுத்த நாளே பொறுப்பாளர் அண்ணை திறந்து பார்த்தால், எப்போதோ இருந்த ஞாயிறு வகுப்புக்காக வைத்த நேரம் அப்படியே கிடக்கிறது, வகுப்பு நின்று இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. ஒரு யூனிட் (ஒரு கிலோவாட் மணி) எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 180 கிராம் காபனீரொட்சைட்டு. நம்முடையதைப் போன்ற 40 கிலோவாட் போய்லர் ஆறு மணி நேரம் முழுதாக எரிந்தால் 240 யூனிட், அதாவது சுமார் 43 கிலோ. ஒவ்வொரு ஞாயிறும், ஆள் இல்லாத மண்டபத்தை, நாற்காலிகளுக்காகச் சூடாக்கியிருக்கிறோம். கமிட்டி நான்கு வருடமாகப் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது, ரைமரை ஒருவரும் பார்க்கவில்லை. செயலாளரும் பார்க்கவில்லை.

இப்போது மண்டபச் சாவி வாங்குபவர் ஹீற்றிங் நேரத்தையும் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அண்ணை தன் படிவத்தில் எழுதிய கூட்டுக் காரியம் இதுதான். அதுவரை கமிட்டிக் கூட்டத்தில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இனி அவர் கூட்டத்தில் உட்காருவார், அதற்கு விதியில் திருத்தம் வருகிறது.

சமையலறைப் பக்கம் விஷயம் இவ்வளவு நேராக இல்லை. 2023 ஒக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, தேர்மோகோல் பெட்டி கொடுப்பதற்குத் தடை வந்தது உங்களுக்குத் தெரியும். வாழையிலைதானே நம் பண்பாடு, அதையே போடுவோம் என்று எல்லோரும் சொன்னோம். சமையலறை அன்ரி ஒருவர்தான் கேட்டார், அந்த இலை எப்படி வருகிறது என்று. விமானத்தில் வருகிறது, முருங்கைக்காயோடு சேர்ந்து. சில்வர் தட்டு வாங்கினால் கழுவச் சுடுதண்ணீர் வேண்டும், கழுவ ஆளும் வேண்டும், அந்த ஆள் வழக்கம்போலப் பெண்களாக இருக்கக் கூடாது என்பதும் அன்று பேசப்பட்டது. இருநூறு சில்வர் தட்டு வாங்கவும், கழுவும் முறையில் ஆண்களின் பெயரை முதலில் போடவும் முன்மொழிவு இருக்கிறது. எதிர்ப்பவர்கள் பொதுக்கூட்டத்தில் நேரில் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகும் விமானப் பயணம் பற்றியும் பேச்சு வந்தது. அம்மா அங்கே இருக்கிறார், போகாமல் இருக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னதற்குப் பயிற்றுநர் வாதாடவில்லை. இரண்டு முறை ஓடிப்போய் வருவதை ஒரு முறை போய்க் கூட நாள் நிற்பதாக மாற்றலாமா என்று மட்டும் கேட்டார். லீவு யார் தருவது என்று பின்னால் இருந்து குரல் வந்தது. இதற்கு என்னிடம் பதில் இல்லை, என் படிவத்திலும் நான் விமானத்தைத் தொடவில்லை. காரை விட்டு பஸ்ஸில் கமிட்டிக்கு வருவேன் என்று எழுதினேன். குளிர்காலத்தில் மூன்று முறை தவறிவிட்டது.

சிலருக்கு ஆங்கிலப் படிவம் பெரிய சுமையாக இருந்தது. பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பள்ளிப் பிள்ளைகள் தட்டச்சு செய்து கொடுத்தார்கள், அவர்களுக்கு நன்றி. இன்னும் படிவம் தராதவர்கள் நான்கு பேர், பெயர் போடவில்லை, உங்களுக்கே தெரியும்.

பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. ரைமரை நிறுத்திவிட்டோம் என்பதால் அன்று காலையில்தான் ஹீற்றிங் போடுவோம், முதல் அரை மணி நேரம் குளிராக இருக்கும். ஜக்கெற்றோடு வாருங்கள். தேநீரும் றோல்ஸும் உண்டு, கோப்பையை வீட்டிலிருந்து கொண்டு வரவும்.

செயலாளர்