ஆகஸ்ட்டில் மிரிஸ்ஸவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மலரின் சுற்றுலாப் பக்கம், ஆகஸ்ட் விடுமுறைக்குத் திமிங்கிலம் பார்க்கத் தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவுக்குப் போகச் சொல்கிறது. தயவுசெய்து அடுத்த வாரமே ஒரு திருத்தம் போடுங்கள். நம் மலையகத் தோட்டங்களில் சீட்டுப் பிடித்து, வேன் பேசி, பிள்ளைகளோடு ட்ரிப் கிளம்புகிறவர்கள் இதை நம்பிப் போய்விடுவார்கள்.

மிரிஸ்ஸவின் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே பிறந்தால் தென்மேல் பருவக்காற்று. நுவரெலியாப் பக்கம் மழையும் மூட்டமுமாக வருகிற அதே காற்றுதான் அங்கே கடலைப் புரட்டிப் போடுகிறது. அப்போது கிழக்குக் கடல் தணிந்து கிடக்கும். ஆகவே ஆகஸ்ட்டுக்குத் திருகோணமலைதான். கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்டவே ஆழமாக இறங்குவதால் திமிங்கிலங்களும் கரைக்குக் கிட்ட வருகின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் கோணேசர் கோயில் மலையில் நின்றபடியே பார்க்கலாம். படகுக்காரரோடு தமிழில் பேசலாம் என்பது நம் அம்மாமாருக்குப் பாதிப் பயத்தைப் போக்கிவிடும்.

முதலில் தெரிவது அதன் மூச்சுத்தான். நீருக்கு மேல் நெட்டுக்குத்தாக எழும். பிறகு சாம்பல் நீல முதுகு போய்க்கொண்டே இருக்கும், போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் குட்டியாக ஒரு துடுப்பு. நம் கடலின் நீலத் திமிங்கிலம் எழுபது, எண்பது அடி வரை வளரும். தோட்டத்து லயன் வீடுகளின் காம்பராக்கள் ஏழெட்டை வரிசையாக வைத்த நீளம்.

2012 வர்த்தமானி விதிப்படி படகு 100 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். நிற்பதில்லை. படகுக்காரரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை, "இன்னும் கிட்டப் போங்கண்ணே" என்று கத்துவது நாம்தான். தென்கோடித் தெவுந்தர முனைக்கு அப்பால் கப்பல்கள் மோதித் திமிங்கிலங்கள் சாகின்றன என்பதற்காக, 2022இல் எம்எஸ்சி என்ற கப்பல் கம்பனி தன் கப்பல்களையே இன்னும் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. ஒரு சின்னப் படகு விலகி நிற்க முடியாதா?

வழியையும் உங்கள் குறிப்பு கொழும்பிலிருந்தே சொல்கிறது. நமக்குக் கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழி இருக்கிறது. திரும்பும்போது அதே வழியில் வராதீர்கள். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று கரையோரமாக மட்டக்களப்புப் பக்கம் இறங்குங்கள். ஒருகாலத்தில் பாதைப் படகுக்காகக் காத்துக் கிடந்து கடந்த ஆறுகளும் களப்புகளும். இப்போது எல்லாம் பாலம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. செங்கலடியில் திரும்பினால் ஏ5 வீதி. மகாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை, நுவரெலியா என்று வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விடும். நம் ஊரைத் தொட்டுப் போகிற வீதி கிழக்குக் கரை வரைக்கும் போகிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

றம்பொடை மலைவீதி வளைவுகளில் அசையாத ஆட்களும் கடலில் வாந்தி எடுப்பார்கள். மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முற்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள். திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெலிமடை.