பட்டம் வைக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நம் மாடித்தோட்ட டெலிகிராம் குழுவில் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைக்கப் போவதாகச் சொல்லி நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனால்தான் வாய்ஸ் மெசேஜில் ரெண்டு வார்த்தை சொல்லி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனால் பட்டியலில் பாதியை நீ அடித்துவிட வேண்டும். 'தக்காளித் தளபதி', 'மாடி மன்னன்', 'கத்தரி கலெக்டர்' எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. தளபதியை மன்னனுக்கும் மன்னனைக் கலெக்டருக்கும் மாற்றி வைத்தால் குழுவில் யாருக்காவது வித்தியாசம் தெரியுமா, சொல். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற பட்டம் யாருக்கும் சொந்தமாகாது. ரெண்டு நாள் சிரிப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள்.

இந்த வேலையை நம் மொழியில் மிக அழகாகச் செய்தவர்கள் என்று நான் நினைப்பது சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களைத்தான். பாடியவரின் பெயர் தெரியாமல் போன இடங்களில், பாட்டில் வரும் ஒரு தொடரையே எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். செம்மண்ணில் பெய்த மழைநீர்போல நெஞ்சங்கள் கலந்தன என்று பாடிய குறுந்தொகை 40ஆம் பாட்டின் செம்புலப்பெயனீரார் எல்லாருக்கும் தெரிந்தவர். அதற்கு அடுத்த பாட்டே அணிலாடு முன்றிலார். காதலன் பக்கத்தில் இல்லாத நாளில், ஆட்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதுபோல வெறிச்சென்று இருக்கிறது என்று ஒருத்தி சொல்வதாக வரும் பாட்டு. 305இல் குப்பைக் கோழியார். குப்பைமேட்டில் ரெண்டு கோழி தாமாகச் சண்டை போட்டால் விலக்கிவிட யார் வருவார்கள், தானாக ஓய்ந்தால்தான் உண்டு, என் நோயும் அப்படித்தான் என்று தலைவி சொல்கிறாள். இந்தப் பெயர்களைப் பாரேன், எதிலும் புகழ்ச்சி இல்லை. குப்பைக் கோழி என்று தனியாகச் சொன்னால் திட்டுகிற மாதிரிகூட இருக்கும். ஆனால் அது அவரே சொன்ன சொல், அவர் சொன்னதிலேயே சிறந்த சொல், அதனால்தான் இத்தனை நூற்றாண்டாகப் பெருமையோடு நிற்கிறது.

புறநானூறு 243ஐப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். பூண் பிடித்த கைத்தடியை ஊன்றிக்கொண்டு, இருமலுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாகப் பேசும் முதியவர், சின்ன வயதில் மரக்கிளையிலிருந்து மடுவில் துடுமெனக் குதித்து அடிமணலை அள்ளி வந்ததை நினைத்து ஏங்குகிற பாட்டு அது. அவர் கைத்தடியை அவரே பாடினார், அதைப் பெயராக வைத்தபோது அது மரியாதை ஆயிற்று. நம் குழுவிலிருக்கும் ரிட்டையர் ஆன பெரியவருக்கு நீ 'தோட்டத் தாத்தா' என்று போட்டிருக்கிறாயே, அவர் எப்போதாவது தன் வயதைப் பற்றிப் பேசி நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. அதை எடுத்துவிடு. நம் ஊர்ப்பக்கம் நொண்டி, கருவாயன் என்று வைத்த பெயர்களும் பட்டப்பெயர்தான், ஆசையாகத்தான் கூப்பிடுகிறோம் என்றுதான் அங்கேயும் சொல்வார்கள். உடம்பு, வயது, ஊர், பேச்சு வழக்கு, சாதி, இதில் எதையும் தொடாதே. ஒருவர் செய்ததையும் சொன்னதையும் மட்டும் எடு. வி.சி. கணேசன் 'சிவாஜி' ஆனதுகூட, அந்த வேடத்தில் அவர் மேடையில் நடித்ததைப் பார்த்துப் பெரியார் அப்படி அழைத்ததால்தான்.

சரி, குழுவுக்கு வருகிறேன். யார் பூச்சி என்று போட்டோ போட்டாலும் "முதல்ல இலையைத் திருப்பிப் பாருங்க" என்று சொல்லும் மதுரைக்கார அக்காவுக்கு 'இலைதிருப்பியார்' என்று வை. அசுவினியும் வெள்ளை ஈயும் இலைக்கு அடியில்தானே உட்கார்ந்திருக்கும், அந்த ஒரு வரியால் எத்தனை மிளகாய்ச் செடி பிழைத்திருக்கிறது! கொத்தமல்லி வராமல் வராமல் மறுபடி மறுபடி விதைத்தவருக்கு 'மல்லிக் கொலையாளி' என்று எழுதியிருக்கிறாய், அது வேண்டவே வேண்டாம். விதையை ரெண்டாக உடைத்துப் போடச் சொன்னபின் முளைத்ததா இல்லையா என்பது ஒருபக்கம் இருக்கட்டும், அவர் விடாமல் விதைத்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். 'மறுவிதையார்' என்று வைத்தால் அவரே சந்தோஷப்படுவார். அப்புறம் உன் பட்டியலில் இல்லவே இல்லாத ஒருவர். குழுவில் பேசவே மாட்டார், கேட்டவர்களுக்கெல்லாம் சுரை, பீர்க்கன் விதைகளைத் தபாலில் அனுப்பி, உறைமேல் ரகத்தையும் விதை எடுத்த மாதத்தையும் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார். அவருக்கு 'விதையுறையார்'. வாய் ஓயாமல் பேசுகிறவர்களுக்கு யார் வேண்டுமானாலும் பட்டம் வைத்துவிடலாம், இவரைப் போன்றவர்களுக்குத் தேடி வைப்பதற்குத்தான் உன்னைப்போல ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

டெலிகிராமில் அட்மின் பெயருக்குப் பக்கத்தில் போடும் பட்டத்துக்கு 16 எழுத்துதான் இடம், எமோஜியும் போட முடியாது. தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனித்தனியாகக் கணக்கில் வரும், ஆகவே செம்புலப்பெயனீரார் 18 ஆகி வெளியே நிற்பார், இலைதிருப்பியார் 15இல் உள்ளே வந்துவிடுவார். எழுதும் முன் எண்ணிப் பார்த்துக்கொள். பட்டத்துக்காக அட்மின் ஆக்கும்போது மற்றவர் செய்தியை அழிக்கும் உரிமை, ஆளை நீக்கும் உரிமை, புது அட்மின் சேர்க்கும் உரிமை எல்லாவற்றையும் அணைத்துவிடு, ஆள் சேர்க்கும் உரிமை ஒன்று போதும்.

ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டபிறகு போடு. எல்லார் முன்னாலும் போட்டுவிட்டு "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் யார் பிடிக்கவில்லை என்பார்கள்? சிரிக்கிற பொம்மையை அனுப்பிவிட்டு, கொஞ்ச நாளில் சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போய்விடுவார்கள். வேண்டாம் என்று யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் அன்றைக்கே எடுத்துவிடு. ஆடிப்பட்டத்துக்கு ஒருமுறை, தைப்பட்டத்துக்கு ஒருமுறை மாற்றுவதும் நல்லது, புதிதாக வந்தவர்களுக்கும் இடம் கிடைக்கும்.

உன் பெயருக்கு எதிரே 'தலைமைத் தோட்டக்காரர்' என்று நீயே எழுதியிருப்பதையும் பார்த்தேன். அதை அழித்துவிட்டுக் காலியாக விடு. உனக்கு என்ன வைக்கலாம் என்று இலைதிருப்பியாரும் நானும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறோம், முடிவானதும் உன்னிடமும் தனியாகத்தான் கேட்போம்.

அன்புடன்,
அக்கா